மாடனை இறக்கும் விரல்

ஜூலை 1, செவ்வாய்

வரலாறு என்னைப் பற்றி எழுதும் என்று அறுபத்திரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது போலும். ஆகவே இன்று முதல் நானே எழுதிக்கொள்கிறேன். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பீரோவுக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான வெற்றுப் பக்கங்களை வருங்கால ஆராய்ச்சியாளர்கள் 'மௌன காலம்' என்று அழைத்துக்கொள்ளட்டும்.

பெயர் ஆவுடைநாயகம். ஊர் வடலிப்பொட்டல், திருநெல்வேலிக்குத் தெற்கே நாற்பது நிமிட பஸ் தூரம். தொழில் மாண்டலினும் பிடிலும். கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும். அதில் வில், குடம், உடுக்கு, ஜால்ரா எல்லாம் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மாண்டலினைக் கொண்டுபோய் உட்கார வைத்த முதல் மனிதன் நான். பூமி உருண்டை என்று கண்டுபிடித்தவனுக்கு அடுத்த இடம் எனக்கு என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். அதனால் அவனுக்கு முந்தைய இடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வில்லுக்குத் தலைவி தங்கபுஷ்பம். என்னை மாமா என்பாள். அவளைப் பார்த்து ஏழு ஊரும் என்னை மாமா என்கிறது. போன வாரம் பஸ் கண்டக்டர்கூட, "மாமா, உள்ள தள்ளி நில்லுங்க" என்றான்.

ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை ஆகஸ்ட் ஐந்தாம் தேதி என்று நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் ஐந்து வாரம்.

காலையில் சாதகம் செய்யவில்லை. தந்தி சற்று விறைப்பு. மற்றபடி என் உடல்நலம் இரும்பு.

ஜூலை 3, வியாழன்

இன்றும் தந்தி விறைப்பு. இப்போது வருகிற தந்தியெல்லாம் தந்தியே இல்லை, வேலிக்கம்பி.

ஜூலை 4, வெள்ளி

இடது கை மோதிர விரல் காலையில் மடங்கியபடியே எழுந்திருந்தது. முதலாளி எழுந்த பிறகும் தூங்குகிற வேலைக்காரன் மாதிரி. வலது கையால் பிடித்து நிமிர்த்தினேன். 'டக்' என்றது. குளிர்தான் காரணம்.

உலகம்மாள் என் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இந்த வெயில்லயா குளிருது?" என்றாள். உலகம்மாள் என் மனைவி. கேள்வி கேட்பதில் வக்கீல், பதில் சொல்வதில் ஊமை.

ஜூலை 7, திங்கள்

பாளையங்கோட்டைக்குத் தந்தி வாங்கப் போனேன். போகிற வழியில் ஒரு எலும்பு டாக்டர் போர்டு கண்ணில் பட்டது. கடை திறக்க நேரமிருந்தது, உள்ளே மின்விசிறியும் ஓடியது, சும்மா உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பையன், மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது. நிமிர்த்தச் சொன்னார். விரல் மறுத்துவிட்டது. உள்ளே நரம்புக்கயிறு ஓடுகிற குழாய் இறுகிவிட்டதாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு வருமாம், எனக்கு இருப்பது இம்மியளவுதான். பத்து நிமிட ஆபரேஷன், மூன்று வாரம் கட்டு, பிறகு பழையபடி வாசிக்கலாமாம்.

"இன்னைக்கே பண்ணிக்கிட்டா கொடைக்குக் கட்டுப் பிரிச்சிரலாம் சார். நாள் தள்ளாதீங்க."

"எந்த விரல்னு தெரிஞ்சுதான் பேசுதியளா டாக்டர்? இது சாமானிய விரல் இல்ல."

"எல்லா விரலும் முக்கியந்தான் சார்" என்றபடி மரத்துப்போக ஒரு ஊசியைக் காட்டினார். அந்த அறையில் காற்றோட்டம் போதாது. ஆகவே நான் சிறிது நேரம் தரையில் படுத்து ஓய்வெடுத்தேன். கண் விழித்தபோது நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மரியாதை தெரிந்த பெண், பன்னீர்தான் கிடைத்திருக்காது.

கோபுரத்தில் கோடாலி வைக்க நான் சம்மதிக்கவில்லை. வருகிற வழியில் கால் கிலோ அல்வா வாங்கினேன். அது எங்கே இருக்கிறது என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

விரலின் பெருமையைப் பதிவு செய்யாமல் விட்டால் தலைமுறைகள் என்னைத் திட்டும்.

வில்லுப்பாட்டில் கதை நடந்து போகும் வழிக்கு மாண்டலின். சாமி வந்து இறங்கும் வாசலுக்குப் பிடில். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு மெட்டு உண்டு. மாடனுக்கு உரிய மெட்டின் உச்சியில் ஒரு இழைப்பு இருக்கிறது. மெல்லிய தந்தியில் மோதிர விரலை மேலிருந்து சறுக்கிக் கொண்டுவந்து, ஓரிடத்தில் நிறுத்தி, நடுங்க விட வேண்டும். அந்த நடுக்கத்தில்தான் சாமியாடி கொம்பையா அண்ணாச்சி துள்ளி எழுவார். உச்சிக்கொடை, நண்பகல் பன்னிரண்டு மணி, முப்பத்தொரு வருடமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மாடன் எங்கே இருந்தாலும், கைலாயத்தில் இருந்தாலும், குளிக்கப் போயிருந்தாலும், என் விரல் கூப்பிட்டால் ஈரத்தலையோடு வந்தாக வேண்டும்.

மோதிர விரல் இல்லாமல் நடுவிரலால் அதே இழைப்பை இழுத்தால் ஒரு சுரம் கீழே போய் விழுகிறது. அப்போது அது மாடன் மெட்டு இல்லை. இசக்கியம்மன் மெட்டு. இன்று காலையில் சோதித்துப் பார்த்தேன். வெறும் ஆராய்ச்சி நோக்கத்தோடுதான்.

ஜூலை 11, வெள்ளி

கொடை நோட்டீஸ் அடிக்கப் போகிறார்கள். பெயருக்கு முன்னால் என்ன போடலாம் என்று தங்கபுஷ்பம் போனில் கேட்டாள். என் வாழ்க்கையை நோட்டீஸ் அளவுக்குச் சுருக்குவதற்குக் காலை முழுவதும் உழைத்தேன்.

பதினாலு வயதில் எங்கள் அப்பாவின் டீக்கடையில் ஒரு சர்க்கஸ்காரர் மாண்டலினை மறந்துவிட்டுப் போனார். மூன்று நாள் காத்திருந்தோம். நாலாம் நாள் அது என் மடியில் ஏறிக்கொண்டது. பதினெட்டில் ஒரு நாடகக் கம்பெனியோடு இலங்கை எல்லை வரைக்கும் போனேன், அதாவது ராமேஸ்வரம். அங்கே பிடில்காரருக்கு வயிற்றுப்போக்கு. அன்று பிடிலைத் தூக்கியவன் இன்னும் கீழே வைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அரிவாளோடு நின்றார்கள். நான் மாண்டலினைத் தொட்டேன். அரிவாளைப் போட்டுவிட்டுத் தாளம் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். மணப்பாடு கடற்கரையில் வாசித்தபோது அலை என் தாளத்துக்கு வந்தது. நான் தாளம் தப்பினேன், அலை தப்பவில்லை. இதைச் சொல்கிற நேர்மை எந்த வித்வானுக்கு உண்டு?

மொத்தம் பதினோரு பட்டங்கள் எழுதி அனுப்பினேன். 'பிடில் பேரரசு', 'மாண்டலின் மலை', 'எட்டுத் தந்தி எரிமலை' என்று போகும்.

தங்கபுஷ்பம் திருப்பிக் கூப்பிட்டாள். "மாமா, நோட்டீஸு ஒரு பக்கந்தான். பின்பக்கம் உரக்கடை விளம்பரம்."

"உரக்கடையை எடுத்திரு."

"அவுஹதான் அடிச்சுக் குடுக்காவ மாமா."

ஜூலை 15, செவ்வாய்

நோட்டீஸ் வந்தது. 'பிடில்: ஆவுடைநாயகம்.' உரக்கடைக்கு ஏழு பட்டங்கள்.

ஜூலை 18, வெள்ளி

சிகிச்சைகள்: வெந்நீர். விளக்கெண்ணெய். மோதிர விரலை நடுவிரலோடு சேர்த்து நூலால் கட்டியது. நூலை அவிழ்க்க முடியாமல் உலகம்மாள் கத்தரிக்கோலால் வெட்டியது.

"என்ன விளையாட்டு இது?" என்றாள்.

"கலைஞர்கள் செய்கிற ஒரு பயிற்சி. உனக்குப் புரியாது."

"சரி" என்று நூலைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

இந்த 'சரி'யை நான் நம்புவதில்லை. டாக்டர் கொடுத்த சீட்டு வேறு என் சட்டைப் பையிலிருந்து பீரோவுக்கு மேல் ஏறியிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

மாபெரும் கண்டுபிடிப்பு. நடுவிரல் ஒரு சுரம் கீழே விழுகிறது என்றால், தந்தியை ஒரு சுரம் மேலே முறுக்கிவிட்டால் போயிற்று. நடுவிரல் வைத்த இடத்தில் மாடன் மெட்டு வந்து உட்கார்ந்துவிடும். உலகத்தின் எல்லாப் பிடில்காரர்களும் இத்தனை காலம் ஒரு விரலை வீணடித்து வந்திருக்கிறார்கள்.

முறுக்கினேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். தந்தி அறுந்து என் இடது புருவத்தில் அடித்தது.

ஜூலை 22, செவ்வாய்

ஒத்திகை. புருவத்தில் பிளாஸ்திரி பற்றி எல்லோரும் கேட்டார்கள். கழுகு என்று சொன்னேன்.

மாண்டலின் பகுதிகளை ஒருவழியாக ஓட்டினேன். வலது கை மீட்டுகிற வேகத்தில் இடது கை என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. இது எல்லா ஆட்சிக்கும் பொருந்தும். ஆனால் பிடிலை எடுத்து மாடன் இழைப்புக்கு வந்தபோது, தங்கபுஷ்பம் வில்லில் அடிக்கிற வீசுகோலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அது இசக்கி மெட்டுல்லா?"

"நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

குடம் அடிக்கிறவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "கை ஏதும் சொகமில்லையா? சொல்லுங்க. மூணடைப்புல ஒருத்தன் நல்லா வாசிக்கான். இந்த ஒரு கொடைக்கு மட்டும் கூப்பிட்டுக்கிடுவோம்."

"ஒரு கொடைக்கு வந்தவன் எந்திரிப்பானா? நான் ஒரு நாளைக்குன்னு பிடில் எடுத்து நாப்பத்தி நாலு வருசம் ஆச்சு."

"அதுக்கில்ல மாமா. சாமி எறங்கலேன்னா ஊரு உங்களத்தான் சொல்லும். அந்தப் பேச்சு உங்க காதுல விழக் கூடாது. அதான்."

நான் வானத்தைப் பார்த்தேன். தகரக் கூரைதான் தெரிந்தது. "மாடனுக்கு என்னைத் தெரியும் புள்ள" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

தூக்கம் குறைவு. கொசு.

ஜூலை 25, வெள்ளி

கொம்பையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எழுபது வயது. மாடன் இறங்கினால் ஆளுயர வல்லய ஈட்டியைச் சுழற்றிக்கொண்டு கோயிலை மூன்று சுற்று ஓடுவார். இன்று எங்கள் வாசற்படி மூன்றையும் ஏறுவதற்கு இரண்டு இடத்தில் நின்றார்.

"என்ன மாப்ளே, எல்லாம் தயாரா?"

"விரல் துடிச்சிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. நீங்க?"

"காலு துடிக்கி" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, உலகம்மாள் அடுப்படியில் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். இரண்டு முழங்காலிலும் வலிக்கு மாட்டும் உறை. "சல்லடத்துக்கு உள்ள மறைஞ்சிரும்லா?" என்றார். சல்லடம் என்பது சாமியாடி கட்டுகிற சலங்கை வைத்த குட்டைக் கால்சட்டை.

"மாடனுக்கு முழங்கால் வலியா?"

"மாடனுக்கு எதுக்கு வலிக்கி? எனக்குத்தான் வலிக்கி. அவரு மூணு சுத்து ஓடிட்டுப் போயிருவாரு, மறுநா நாந்தான படுத்துக் கெடக்கேன்." காப்பியை ஆற்றினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். அந்த இழைப்பக் கொஞ்சம் நீட்டி இழு. அது நரம்புல ஏறுனாத்தான் இந்தக் காலு எந்திரிக்கும். அது மட்டும் இல்லேன்னா நான் உக்காந்தது உக்காந்ததுதான். ஊரு முன்னால எனக்கு என்ன மரியாத இருக்கும், சொல்லு."

ஒன்றரை ஃபர்லாங் நீளத்துக்கு இழுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு வெகு நேரம் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தன.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் வாசித்துக்கொண்டிருந்தேன். உலகம்மாள் எதிரே உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்தாள். இழைப்பை நடுவிரலால் முப்பது தடவை இழுத்திருப்பேன். முப்பது தடவையும் இசக்கி.

"இது யாரு மெட்டு?" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் வாத்தியத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. "இசக்கியம்மனுக்கு உள்ளது" என்றேன்.

"மாடனுக்கு அவ என்ன முறை?"

"ஊர்க் கதையில தங்கச்சி."

"அண்ணன் கோயில் கொடைக்குத் தங்கச்சி வரலாமா?"

"எந்த வீட்டு விசேசத்துக்குத் தங்கச்சி வராம இருந்திருக்கா? கூப்பிட்டா வருவா, கூப்பிடலேன்னா சண்டைக்கு வருவா."

"அதுஞ் சரிதான்" என்று பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். "கேக்க நல்லாத்தான் இருக்கு. இன்னொருக்க வாசிங்க."

என் ரசிகர் மன்றம் கொஞ்சம் தாமதமாகத் திறக்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

கோயிலில் கால்நாட்டு நடந்தது. பந்தக்கால் குழியில் பால் ஊற்றினார்கள். கமிட்டித் தலைவர் பரமார்த்தலிங்கம் என் தோளைத் தட்டி, "மழை இல்ல, கொளத்துல தண்ணி இல்ல. இந்த வருசம் மாடன் நல்லா எறங்கிக் குறி சொல்லணும் மாமா. ஒம்ம கையிலதான் இருக்கு" என்றார். அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

விரல் இப்போது மடங்கினால் நிமிர்வதற்கு வலது கை வேண்டும். வலது கையில் பிடில் குச்சி இருக்கும். பிள்ளையாருக்கு இருக்கிற கைகளில் ஒன்றைக் கடன் கேட்கலாம்.

டாக்டர் சொன்ன அன்றே செய்திருந்தால் என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை. தங்கபுஷ்பத்துக்குப் போன் செய்து, மூணடைப்புக்காரனைக் கூப்பிடு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மூன்று தடவை எண்ணை அழுத்தினேன். மூன்று தடவையும் மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். நாலாவது தடவை அவள் உடனே எடுத்து, "என்ன மாமா?" என்றாள்.

"நாளைக்கு மஞ்சள் சேலை கட்டிக்கோ புள்ள. படத்துல நல்லா விழும்" என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போன ஒரே நாள் இதுதான்.

பத்தரைக்கு வில் ஏறியது. பந்தலில் ஒரு லட்சம் பேர், சரி, நானூறு. தங்கபுஷ்பம் கதையை நடத்திக்கொண்டு போனாள். என் மாண்டலின் கூடவே ஓடியது. மாடன் கைலாயத்திலிருந்து புறப்பட்டார், மலை இறங்கினார், ஆறு தாண்டினார். அவர் ஒவ்வொரு அடி நெருங்க நெருங்க நான் ஒவ்வொரு அங்குலமாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். வேறெந்தக் கலைஞனுக்கும் தெய்வத்தைக் கண்டு இப்படி ஒரு பயம் வந்திருக்காது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். கொம்பையா அண்ணாச்சி சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, மாலையோடு பீடத்தின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வல்லயம். கண் என்னையே பார்த்தது. மாண்டலினை வைத்துவிட்டுப் பிடிலை எடுத்தேன்.

முதல் தடவை மோதிர விரலைத்தான் வைத்தேன். என் மேல் யாரும் பழி சொல்ல முடியாது. சறுக்கிக்கொண்டு பாதி வழி வந்தது. பிறகு மடங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. பிடில் பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.

இரண்டாவது தடவை நடுவிரல். இசக்கி மெட்டு.

கொம்பையா அண்ணாச்சி அசையவில்லை. கைகளைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். முழங்கால் வரவில்லை. மறுபடி வாசித்தேன், மறுபடி இசக்கி. மேளக்காரர்கள் அடித்துத் தீர்த்தார்கள். பன்னிரண்டு மணி தாண்டியது. பன்னிரண்டேகால். குலவை போட வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "பிடில்ல என்னமோ கோளாறு." இன்னொரு குரல்: "பிடில்ல இல்லவே, பிடிக்கிற ஆளுலதான்." பரமார்த்தலிங்கம் எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தார். தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்பவேயில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவளும் அழுவதற்குத் தயாராக இருந்தாள் என்று நினைக்கிறேன். 'அவளும்' என்ற சொல்லை அடிக்கலாம் என்று பார்த்தேன், மைக்கறை விழும். இருக்கட்டும்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம். சத்தமென்றால் சத்தமா அது! தாமிரபரணியின் எல்லா அணையும் ஒன்றாகத் திறந்த மாதிரி. கூட்டம் விலகியது. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பீடத்துக்கு முன்னால் வந்து விழுந்தாள், எழுந்தாள், சுழன்றாள்.

உலகம்மாள்.

வாழ்நாளில் உரக்கத் தும்மாத உலகம்மாள்.

"ஆரு வந்திருக்கது?" என்று பரமார்த்தலிங்கம் கும்பிட்டுக் கேட்டார்.

"மெட்டு கேட்டும் தெரியலையா ஒனக்கு? இசக்கி வந்திருக்கேன்டா!"

நானூறு பேரும் குலவை போட்டார்கள்.

"தாயே, இது அண்ணன் கோயிலு, நீ எப்படி..."

"அண்ணன் பொழங்குத ஒடம்பு களைச்சிருக்கு. அவன் நெழல்ல உக்காரட்டும், எளநி குடுங்க. அவனுக்குப் பதிலா நான் ஓடுதேன்!"

சொன்னபடி ஓடினாள். மூன்று சுற்று. ரேஷன் கடைக்குப் போகவே ஆட்டோ கேட்கிறவள். கொம்பையா அண்ணாச்சி நிழலில் இளநீரோடு உட்கார்ந்து, ஊரிலேயே பக்தி மிகுந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை எப்போது வரும் என்று கேட்டார்கள். ஐப்பசியில் என்றாள். பிறகு வேப்பிலையை என் பக்கம் நீட்டினாள்.

"இவன் வெரலு ஏன் வரலேன்னு கேட்டீங்களாடா?"

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"நாந்தான் வாங்கி வச்சிருக்கேன்! எத்தன வருசமா அண்ணனுக்கு மட்டும் வாசிச்சான்! எனக்கு ஒரு நா வாசிச்சானா? அதான் புடுங்கிட்டேன். இன்னைக்குத்தான் என் மெட்டு வாசிச்சிருக்கான், என் மனசு குளுந்துட்டு. கார்த்திகைக்குத் திருப்பித் தாரேன். அது வரைக்கும் அவன் எடத்துல வேற ஒருத்தன் உக்காரக் கூடாது. உக்காந்தா அவன் கையையும் வாங்கிருவேன்!"

தங்கபுஷ்பம் வீசுகோலோடு தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"கேட்டுக்கோங்க. பெரியாஸ்பத்திரிக்கு இவனக் கூட்டிட்டுப் போங்க. அறுக்குறவன் கையில நான் இருப்பேன். ஊசியக் கண்டா பயந்து விழுவான். நாலு பேராப் புடிச்சிக்கோங்க!"

"சரி தாயே!"

"மாண்டலின் பெட்டிக்கு உள்ள துணிக்கு அடியில அல்வா வச்சித் திங்கான். அத எடுத்து வீசுங்க!"

ஊரே வியந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவன் பெட்டியைத் திறந்தான். துணியைத் தூக்கினான். அல்வா இருந்தது. இத்தனை பெரிய அற்புதம் வடலிப்பொட்டலில் இதுவரை நடந்ததில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

உடம்பு வலி என்று உலகம்மாள் படுத்திருக்கிறாள். நேற்று நடந்தது எதுவும் நினைவில்லையாம். கொம்பையா அண்ணாச்சி பார்க்க வந்தார். நாலு படியையும் நில்லாமல் ஏறினார். படி மூன்றுதான், மகிழ்ச்சியில் ஒன்று கூடுதலாக ஏறியிருப்பார். "தங்கச்சி, நீ மகராசியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். குறி கேட்க. எனக்காக ஒருவரும் இப்படி நின்றதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கமிட்டியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் கபடி ஆட்டக்காரர்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அம்மன் உத்தரவாம்.

"அடுத்த மாசம் பாத்துக்கிடுவோமே" என்றேன்.

"அம்மங்கிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்று அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினான் ஒருவன். அடுப்படியில் கரண்டி சத்தம் நின்றது.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. நாலு பேர் பிடித்திருந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். மூன்று பேர்தான். நாலாமவன் ஊசியைக் கண்டதும் என் பக்கத்தில் விழுந்துவிட்டான்.

டாக்டர் கத்தியை வைத்துவிட்டு விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது. நிமிர்த்தச் சொன்னார். நிமிர்ந்தது. 'டக்' இல்லை. பத்து நிமிடம் என்றார்கள், ஒன்பதில் முடிந்துவிட்டது. ஒன்பது நிமிட வேலைக்குப் பயந்து ஒருவன் ஐந்து வாரம்... அந்த ஒருவனை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் உலகம்மாளும் மட்டும். கபடிக்காரர்கள் படம் பார்க்கப் போய்விட்டார்கள். மேலப்பாளையம் தாண்டியதும் கேட்டேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. அன்னைக்கு வந்தது அம்மனா, நீயா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "முப்பத்தோரு வருசமா கொம்பையா அண்ணனுக்கு எறக்கிவிட்டியளே, அது மாடனா, அந்த அண்ணனா?"

"இதென்ன கேள்வி? மாடன்தான்."

"அப்ப இதுவும் அம்மந்தான்."

வலது கையால் பஸ் டிக்கெட்டை எடுத்து இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. என் கட்டுப் போட்ட கை முன்சீட்டுக் கம்பியில் மோதப் போயிற்று. உலகம்மாள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பாத்து வச்சிக்கோங்க. கார்த்திகை வரைக்கும் இது உங்க வெரல் இல்ல."